600 ஒலிகள் உள்ள கீபோர்டா, 10 ஒலிகள் உள்ள டிஜிட்டல் பியானோவா?

2024 ஜனவரி 20, நிலாவெளி வாசகர் ஒருவரின் கேள்வி

டீச்சர், என் மகளுக்கு 9 வயது, பியானோ பழக ஆசைப்படுகிறாள். ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு கருவிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 61 கட்டைகளும் 600 ஒலிகளும் உள்ள புதிய கீபோர்ட். மற்றது, 88 கட்டைகளும் வெறும் 10 ஒலிகளும் உள்ள பாவித்த யமஹா பி-45 டிஜிட்டல் பியானோ. கீபோர்டை வாங்கி, அதைச் செயலியுடன் இணைத்து, அங்கிருக்கும் கிராண்ட் பியானோவின் ஒலியை எடுத்துக்கொண்டால் இரண்டு பயனும் கிடைத்துவிடும் என்பது என் கணக்கு. ஒலி செயலியில் இருந்துதான் வரப்போகிறது என்றால், கட்டை எதுவாக இருந்தால் என்ன?

2024 ஜனவரி 21

தம்பி, 88 கட்டை உள்ளதையே வாங்குங்கள். செயலியில் இருந்து வரும் ஒலியும் கட்டையில் இருந்துதான் தொடங்குகிறது.

பியானோ என்ற கருவி பிறந்ததே மெல்லவும் உரக்கவும் வாசிக்க வேண்டும் என்ற தேவையினால்தான். 1700ஆம் ஆண்டளவில் புளோரன்ஸ் நகரில் கிறிஸ்தோஃபோரி அதைச் செய்வதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகோர்ட் என்ற கருவியில், கட்டையை எப்படித் தட்டினாலும் தந்தி ஏறத்தாழ ஒரே அளவில்தான் மீட்டப்பட்டது. அவர் தந்தியைச் சுத்தியலால் அடிக்க வைத்தார். அதனால் விரலின் வேகம் தந்திவரை போய்ச் சேர்ந்தது. டிஜிட்டல் பியானோவில் தந்தி இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கின்றன, சில கருவிகளில் மூன்று. விரல் இறங்கும்போது முதற்புள்ளி மூடியதற்கும் அடுத்த புள்ளி மூடியதற்கும் இடையில் கழிந்த நேரத்தைக் கருவி அளந்து, அதை 1 முதல் 127 வரையான ஓர் எண்ணாக மாற்றுகிறது. இசைக்கருவிகளும் கணினிகளும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதற்காக 1983இல் வந்த மிடி முறையின்படி செயலிக்குப் போய்ச் சேர்வது எந்தக் கட்டை என்பதும் இந்த எண்ணும்தான். எத்தனை உயர்ந்த கிராண்ட் பியானோவைச் செயலிக்குள் வைத்திருந்தாலும், வரும் எண் ஒழுங்காக இல்லையென்றால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சுருள்வில் வைத்த இலகுவான கட்டையில் ஒரு சிறுபிள்ளையால் 30க்கும் 90க்கும் இடையில் விரலை நிறுத்தி வைக்க முடிவதில்லை. சுத்தியல் அமைப்புள்ள பாரமான கட்டையில் முடிகிறது, ஏனென்றால் அந்தப் பாரம் விரலுக்குத் திருப்பிச் சொல்கிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளை, கடையில் நல்லதென்று சொல்லி விற்ற கீபோர்டோடு என்னிடம் வந்தாள். அதில் தொடுகை உணர்வே இல்லை. எப்படித் தட்டினாலும் ஒரே எண். ஓராண்டு அதில் பழகிய பின் உண்மையான பியானோவில் அமர்ந்தபோது, தன் விரல்கள் எழுப்பிய சத்தத்தைக் கேட்டு அவள் கையை எடுத்துவிட்டாள். அந்த முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

2024 ஜனவரி 21, இரவு

600 என்ற எண்ணைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். 1991இல் வந்த பொது மிடி ஒழுங்கில் 128 ஒலிகளுக்கு இடம் வகுக்கப்பட்டது. அவற்றின் சிறுசிறு மாறுபாடுகளையும் தாள வகைகளையும் சேர்த்தால் எண்ணிக்கை எளிதில் சில நூறுகளைத் தாண்டும். உங்கள் மகளுக்கு அவற்றுள் முதலாவது மட்டுமே தேவை. அந்த ஒன்றை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கடையில் தாழ்ந்த சுரம் ஒன்றைத் தட்டி, கட்டையை விடாமல் அழுத்தி வைத்திருந்து, ஒலி அடங்கும்வரை கேளுங்கள். நல்ல ஒலி நெடுநேரம் நிறம் மாறிக்கொண்டே தேயும். மலிவான ஒலி, சிறிது நேரத்துக்குப் பின் ஒரே துண்டைச் சுற்றிச் சுற்றி ஒலித்துக்கொண்டு அளவில் மட்டும் குறையும். காது பழகாதவர்களுக்கும் இந்த வேறுபாடு கேட்கும்.

2024 ஜனவரி 28

முதற்குறிப்பைத் திரும்ப வாசித்தபோது, கட்டை மட்டுமே எல்லாம் என்பதுபோல எழுதிவிட்டேன் என்று தோன்றியது. அது முழு உண்மை அல்ல. என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் பழகியது ஒரு தேவாலய மண்டபத்தில் இருந்த பழைய அப்ரைட் பியானோவில். மார்கழி மழையில் மரம் ஊதிக் கட்டைகள் இறங்கினால் எழும்பாது. ஆனியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அதே மரம் காய்ந்து சுருதி கீழே போய்விடும். சுருதி கூட்டுபவர் கொழும்பில் இருந்து வரவேண்டும், அவர் வரும்போது பருவம் மாறியிருக்கும். ஆனாலும் அதன் ஒலி அறையை நிறைத்தது. பிறகு நான் முதல் டிஜிட்டல் பியானோவை வாங்கியபோது, கடையில் ஹெட்போனில் கேட்டு மயங்கித்தான் வாங்கினேன். வீட்டில் இறக்கி வைத்து ஒலிபெருக்கியில் கேட்டால் அது தகரப்பெட்டிபோல ஒலித்தது. இரண்டு நாள் எனக்கு உறக்கமே வரவில்லை, ஏமாந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கருவியில் பிழை இல்லை. 88 கட்டைகளில் மிகத் தாழ்ந்தது 27.5 ஹேர்ட்ஸ். கையளவு ஒலிபெருக்கிகளால் அந்த அதிர்வை வெளியிட முடியாது. சுரத்தோடு சேர்ந்து எழும் அதன் மடங்கான மேலதிர்வுகளை, அதாவது இசைத்துணைகளைக் கேட்டு அடிச்சுரத்தைக் காதுதான் நிரப்பிக்கொள்கிறது. என் வீட்டு அறையோ சீமெந்துத் தரையும் வெறும் சுவர்களுமாக இருந்தது. மேற்சுரங்கள் சுவருக்குச் சுவர் தெறித்தன, கீழ்ச்சுரங்கள் ஏற்கெனவே மெலிந்திருந்தன. பியானோவுக்கு அடியில் தடித்த பன்பாய் ஒன்றை விரித்து, எதிர்ச்சுவரில் கனமான திரைச்சீலை போட்டு, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி வைத்ததும் ஒலி கண்ணுக்கு முன்னால் மாறியதுபோல மாறியது. செலவு மிகக் குறைவு.

இன்னொன்று, மேசை மின்விசிறி பியானோவை நோக்கி ஓடினால் நீண்ட சுரங்கள் நடுங்கும், ஏனென்றால் சுழலும் இதழ்கள் ஒலியை வெட்டுகின்றன. கருவி பழுதென்று நினைத்து ஒருவர் திருத்தக் கொடுக்கவே போய்விட்டார். முதலில் விசிறியை நிறுத்திக் கேளுங்கள்.

2024 பெப்ரவரி 4

பி-45இன் 64 குரல்கள் போதாதா, ரோலண்ட் எஃப்பி-10 என்ற டிஜிட்டல் பியானோவில் உள்ளதுபோல 96 வேண்டுமா என்று நிலாவெளித் தம்பி கேட்கிறார். போதாது என்பதே என் எண்ணம். குரல்கள் என்பது ஒரே வேளையில் ஒலிக்கக்கூடியவற்றின் எண்ணிக்கை. விரல்கள் பத்துதானே என்று தோன்றலாம். ஆனால் பெடலை மிதித்திருக்கும்போது தட்டிய சுரங்கள் எல்லாம் தொடர்ந்து ஒலிக்கின்றன, இடம், வலம் என இரட்டை வழியில் பதிவான ஒலியென்றால் ஒரு சுரத்துக்கே இரண்டு குரல்கள் செலவாகலாம். இடம் முடிந்தால் பழைய சுரத்தைக் கருவி வெட்டிவிடும். என்னிடம் படிக்கும் ஒரு மாணவனின் வாசிப்பில் கீழ்ச்சுரங்கள் இடையில் அறுந்துபோவதை நானே கேட்டிருக்கிறேன்.

2024 பெப்ரவரி 6

மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். நேற்று அந்த மாணவனை என் கருவிக்கு அருகில் இருத்தி, கையைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன். அவன் ஒன்றாகத் தட்டும் சுரத்தொகுதி மாறும் அதே கணத்தில் பெடலை விட்டு உடனே மிதிக்கிறான். கீழ்ச்சுரத்தின் விரல் அதற்குள் எழும்பிவிடுகிறது. சுரம் அறுந்தது குரல்கள் போதாமையால் அல்ல, காலால். புதிய தொகுதியைத் தட்டி, அதன் பின் பெடலை எடுத்து மிதிக்கப் பழக்கினேன். அரை மணி நேரத்தில் அறுபடுவது நின்றது.

64 குரல்களை வேண்டுமென்றே தீர்த்துப் பார்க்கவும் முயன்றேன். பெடலை மிதித்தபடி கீழிருந்து மேல்வரை பல முறை ஓடினால் முதற்சுரம் காணாமல் போகத்தான் செய்கிறது. அப்படி வாசிக்கும் பாட்டு உங்கள் மகளின் கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். பி-45 அவளுக்குப் போதும். எஃப்பி-10இன் கட்டை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும் என்பது வேறு விடயம். விலை பொருந்தினால் அதையும் தொட்டுப் பாருங்கள்.

2024 பெப்ரவரி 11

கிண்ணியாவில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். புளூடூத் வழியாகப் பியானோவை ஐபாடுடன் இணைத்து கராஜ்பேண்ட் என்ற இசைச் செயலியில் வாசித்தால், தட்டியதற்கும் கேட்பதற்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கிறதாம். புளூடூத்தை விட்டுவிட்டு வயரில் இணையுங்கள் என்று பதில் அனுப்பினேன்.

2024 பெப்ரவரி 12

அந்தப் பதில் அரைகுறையானது. இரண்டு வேறு புளூடூத்துகளை நான் ஒன்றாகக் குழப்பிவிட்டேன். பியானோவில் இருந்து ஐபாடுக்குப் போவது மிடிச் செய்தி மட்டுமே, அது சிறியது, அதன் தாமதம் பெரும்பாலானோருக்குத் தெரியாது. ஐபாடில் இருந்து காதுக்கு வருவது முழு ஒலி. அதைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரித்து எடுக்க வேண்டியிருப்பதால், புளூடூத் ஹெட்போனிலும் ஒலிபெருக்கியிலும் 100 மில்லிசெக்கனுக்கும் மேல் தாமதம் சேர்வது வழமை. தங்கச்சி பாவித்தது புளூடூத் ஒலிபெருக்கி என்று கேட்டறிந்தேன். வயர் வைத்த சாதாரண ஹெட்போனைப் போட்டதும் சிக்கல் தீர்ந்தது.

எவ்வளவு தாமதம் பொறுக்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த அளவுகோல் ஒன்று உண்டு. ஒலி ஒரு மீற்றர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் ஆகிறது. ஆகவே உண்மையான பியானோவின் முன் அமர்ந்தாலும் அவ்வளவு தாமதத்துடன்தான் கேட்கிறோம். ஒலியைச் சிறிது சேர்த்து வைத்து வெளியிடும் அளவுக்குப் பஃபர் என்று பெயர். மடிக்கணினியில் அந்த இடத்தில் 256 மாதிரிகள் என்று வைத்தால், செக்கனுக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் அது சுமார் 5 மில்லிசெக்கன்; மற்றத் தாமதங்களும் இதனுடன் சேர்ந்தாலும் நிம்மதியாக வாசிக்கலாம். 1024 என்று இருந்தால் 21 மில்லிசெக்கன். அதில் கை சற்றுச் சேற்றில் நடப்பதுபோல இருக்கும், வேகமான பாட்டில் தாளம் பின்னுக்குப் போகும். 128க்கு இறக்கி ஒலி வெடித்தால், ஒருபடி ஏற்றி விட்டுவிடுங்கள்.

2024 மார்ச் 10

நிலாவெளியில் பி-45 வந்து சேர்ந்துவிட்டது. தம்பியின் முறைப்பாடு: மடிக்கணினியில் இறக்கிய சலமாண்டர் பியானோ மந்தமாக, போர்வை போர்த்தியதுபோல ஒலிக்கிறது. சலமாண்டர் இலவசமாகக் கிடைப்பது; யமஹா சி5 கிராண்ட் ஒன்றின் சுரங்களை மெல்லிய அடி முதல் வேகமான அடி வரை 16 வேக அடுக்குகளில் பதிவுசெய்து தந்திருக்கிறார்கள். மந்தமாக ஒலிக்க வேண்டிய ஒலி அல்ல அது.

நேற்று நேரில் போய்ப் பார்த்தேன். வரும் மிடி எண்களைக் காட்டும் சிறு செயலி ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு, பிள்ளையிடம் ச முதல் மேல் ச வரை வாசிக்கச் சொன்னேன். திரையில் வந்தவை: 41, 38, 52, 40, 47, 29, 24, 44. பெருவிரல் பட்ட இடங்களில் 41உம் 40உம், நாலாம் விரல் பட்ட இடத்தில் வெறும் 24. உன்னால் முடிந்த அளவு உரக்க அடி என்றேன். 78. அதற்கு மேல் ஒரு முறையும் ஏறவில்லை. அந்த 16 அடுக்குகளில் மேலே இருக்கும் பிரகாசமான அடுக்குகளை அவள் ஒருநாளும் தொட்டதில்லை, தந்தையும் கேட்டதில்லை.

பியானோவின் தொடுகை அமைப்பை மென்மை என்ற நிலைக்கு மாற்றினேன். மெல்லத் தட்டினாலும் எண் உயரும். உடனே அறை திறந்ததுபோல இருந்தது. பிள்ளை திரும்பித் தந்தையைப் பார்த்தாள்.

பிறகு அவள் எண்களையே ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, நாலாம் விரலால் 50 எடுக்க முயன்றுகொண்டிருந்தாள். நான் கற்பித்திருக்கக்கூடிய எதையும்விட அது நல்ல பயிற்சி.

2024 மார்ச் 11

பியானோரெக் என்ற மென்பொருளைப் பற்றி ஒருவர் கேட்டார். அவர் கருதியது பியானோடெக். அது பதிவுசெய்த சுரங்களைப் பாவிப்பதில்லை. சுத்தியலும் தந்தியும் ஒலிப்பலகையும் எப்படி அதிருமென்பதைக் கணக்கிட்டே ஒலியை உருவாக்குகிறது. 2006இல் இருந்து வருகிறது. பல நூறு மெகாபைட் இறக்க வேண்டியதில்லை என்பது நம் இணைய இணைப்புக்குப் பெரிய ஆறுதல். பெடலைப் பாதி மிதிக்கும்போதும், அழுத்திவைத்த கட்டையின் தந்தி அடுத்த சுரத்துக்கு ஒத்துத் தானும் அதிரும்போதும் அது உயிரோடிருக்கிறது. ஆனால் விலை கொடுத்து வாங்குவது. சலமாண்டரில் தொடங்குங்கள்.

2024 மார்ச் 24

நிலாவெளியில் இருந்து மறுபடியும்: ஒவ்வொரு சுரமும் இரட்டையாக, குழாய்க்குள் இருந்து வருவதுபோல ஒலிக்கிறது. மடிக்கணினியின் ஒலியும் பியானோவின் சொந்த ஒலியும் சேர்ந்து வருகின்றன. பியானோவில் லோக்கல் கன்ட்ரோல் என்பதை அணையுங்கள். கட்டை செயலிக்கு மட்டும் செய்தி அனுப்பும். செயலியை மூடியபின் மறக்காமல் திரும்பப் போடுங்கள், இல்லையேல் பியானோ ஊமையாகிவிட்டது என்று பதறுவீர்கள்.

ஹெட்போனில் ஓயாத இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

2024 மே 5

உப்புவெளியில் கர்நாடக சங்கீதம் பழகும் ஒருவர், தம்புரா செயலியை ஓடவிட்டுப் பியானோவில் சுரம் பிடித்துப் பாடினால் காந்தாரம் உறுத்துகிறது, எதைச் சுருதி கூட்டுவது என்று கேட்கிறார். இரண்டுமே சரியாகத்தான் இருக்கின்றன. பியானோ ஓர் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டியது, ஒரு பங்கு 100 சென்ட். அதில் அந்தர காந்தாரம் 400 சென்ட். தம்புராவின் ஷட்ஜத் தந்தியில் இருந்து தானாகவே எழும் காந்தாரமோ 386 சென்ட். ஒரு கட்டைச் சுருதியில் நடு ஸ்தாயி ஷட்ஜத்தின் ஐந்தாம் இசைத்துணை, அதாவது அதன் ஐந்து மடங்கு அதிர்வு, 1308 ஹேர்ட்ஸில் ஒலிக்க, பியானோவின் அதே காந்தாரம் 1318இல் ஒலிக்கிறது. செக்கனுக்குப் பத்துத் தடவை இரண்டும் மோதுவதைத்தான் அவர் காது உறுத்தலாகக் கேட்கிறது. நல்ல காது. பஞ்சமத்தில் வேறுபாடு 2 சென்ட் மட்டுமே என்பதால் அங்கு உறுத்தாது. பாடும்போது தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு பியானோவை மூடிவிடுங்கள். கமகமும் அதில் வராது.

கட்டை என்ற சொல்லைச் சுருதிக்கும் பியானோவின் விசைக்கும் நாம் ஒன்றாகப் பாவிப்பதால், மேலே ஒரு கட்டை என்றது சி சுருதியைத்தான் என்று தெளிவுபடுத்துகிறேன். ஐந்து கட்டைக்கு மாற்ற வேண்டுமென்றால் பியானோவில் மாற்றுங்கள் அல்லது செயலியில் மாற்றுங்கள். இரண்டிலும் மாற்றினால் சுருதி இரண்டு முறை நகரும்.

2024 ஜூலை 14

கச்சான் மும்முரமாக வீசுகிறது, என் கருவியில் நடு ஸ்தாயியின் ஒரு கட்டை மட்டும் எப்படித் தட்டினாலும் வெடித்து ஒலிக்கிறது. எண்களைக் காட்டும் செயலியில் பார்த்தேன்: 127, 127, 127. செயலியின் அமைப்பைப் பழிசொல்லி ஒரு மாலையை வீணாக்கினேன். திறந்து பார்த்தபோது விடை அடியில் இருந்தது. ரப்பர்ப் பட்டையின் அடியில் இரண்டு கரும்புள்ளிகள், அவற்றுள் ஒன்றின்மேல் மெல்லிய சாம்பல்நிறத் தூசி, விரலில் எடுத்தால் பிசுபிசுப்பு. உப்புக்காற்றும் புழுதியும் சேர்ந்தது. இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான நேரத்தை அளக்க முடியாமல் கருவி அதை மிக வேகமான அடியாக எடுத்துக்கொண்டது. ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் புள்ளிகளையும் எதிரே உள்ள தடங்களையும் மெல்லத் துடைத்து, நன்றாக உலரவிட்டு மூடினேன். 58, 61, 60. கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள், வாசித்து முடிந்ததும் ஒரு பருத்தித் துணியால் கட்டைகளை மூடிவிடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

2024 ஓகஸ்ட் 18

தொடுகையை மென்மையில் வைக்கச் சொன்னேன் அல்லவா, அதை இப்போது நடுநிலைக்கு மாற்றுங்கள், தம்பி. பிள்ளையின் நாலாம் விரல் 60ஐத் தாண்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இனி மென்மை நிலை அவளைத் தடுக்கும். எல்லாம் உரத்து, மெல்ல வாசிக்க இடமில்லாமல் போகும்.

2024 ஓகஸ்ட் 25

தம்பி பதற்றத்துடன் எழுதியிருக்கிறார்: நேற்றில் இருந்து எல்லாச் சுரமும் ஓயாமல் ஒலிக்கிறது, பெடலை மிதித்தால்தான் நிற்கிறது, கருவி பழுதாகிவிட்டதா? பழுது இல்லை. பல கருவிகள் மின்னூட்டும் கணத்தில் பெடல் இருக்கும் நிலையையே ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும். மகள் பெடலில் காலை வைத்துக் காத்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஆளியைப் போட்டிருப்பீர்கள். அணைத்துவிட்டு, அவளைக் காலை எடுக்கச் சொல்லி, மறுபடி போடுங்கள்.

2024 ஓகஸ்ட் 25, மாலை

சரியாகிவிட்டதாம். இனி ஆளியை அவளே போடுவாள் என்று சொல்லிவிட்டாளாம்.